கணக்கில் ஏறாத காய்ச்சல்

2006 முதல் 2012 வரையிலான ஏழு ஆண்டுகளில், இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 20,474 பேருக்கு டெங்கு வந்ததாக அரசுப் பதிவேடுகள் சொல்கின்றன. அதே காலத்தில் டெங்குவால் உண்மையில் நோயுற்றவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 57 லட்சத்து 78 ஆயிரம் பேர் என்று, அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷெப்பர்டும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 2014-ல் மதிப்பிட்டார்கள். பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால் பதிவாகாதவர்கள் 281 பேர். இந்த மதிப்பீட்டுக்கான அடித்தளத்தில் ஒரு பகுதி தமிழ்நாட்டில் அமைந்தது. மதுரை மாவட்டத்தில் நேரடி ஆய்வு நடத்தியும், வல்லுநர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டும்தான் இந்த எண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த 281 பேர் யார்? காய்ச்சல் வந்ததும் தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவர்கள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள். தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு, ‘வைரல் ஃபீவர்’ என்று எழுதிய சீட்டோடு வீடு வந்தவர்கள். இவர்கள் பட்ட உடல் வேதனையும் இழந்த கூலியும் வாங்கிய கடனும் எந்த அரசுப் பட்டியலிலும் இல்லை. டெங்குவின் சுமையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மரண எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் இந்த நோயின் பாரத்தில் பெரும்பகுதி பிழைத்துக்கொண்டவர்களின் வீடுகளில்தான் இறங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ளத் திருத்தணி பொருத்தமான ஊர். முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது இது. ஆடிக் கிருத்திகைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் காவடியோடு திரளும் மக்கள், ஆண்டு முழுதும் மொட்டை போடவும் காது குத்தவும் வரும் குடும்பங்கள், பூவும் தேங்காயும் விற்றுப் பிழைப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், சென்னைக்கு மின்சார ரயிலில் அன்றாடம் வேலைக்குப் போய் வருபவர்கள் என்று ஆள் நடமாட்டம் ஓயாத ஊர். சுற்றிலும் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் என்று விசைத்தறி ஊர்கள். சற்றுத் தள்ளினால் ஆந்திராவின் நகரி; அங்கும் தறிச் சத்தம்தான். டெங்குவுக்கு வேண்டியதெல்லாம் இப்படிப்பட்ட ஓர் ஊரில் ஒன்றுசேர்ந்திருக்கிறது: சேமித்து வைத்த தண்ணீர், நெருக்கமான வீடுகள், இடம்விட்டு இடம் போகும் மனிதர்கள்.

பிடித்து வைத்த தண்ணீர்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. அதற்கு வேண்டியது வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கும் தெளிந்த நீர். குழாயில் அன்றாடம் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இல்லாத வீட்டில் பிளாஸ்டிக் டிரம், அண்டா, குளியலறைச் சிமெண்ட் தொட்டி, மாடியில் மூடி உடைந்த டேங்க் என்று எதிலாவது தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் இவற்றோடு பழைய டயர், உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை, பயன்படுத்தாத ஆட்டுக்கல் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. தேங்காய் உடைக்கப்படும் கோயில் ஊரில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை.

பெண் கொசு முட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டதும் புழு வெளிவரும். கோடை முழுதும் காய்ந்து கிடந்த தொட்டி, முதல் மழைக்குப் பின் ஒரு வாரம், பத்து நாளில் கொசுக்களை வெளியே அனுப்புவதற்கு இதுதான் காரணம். தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி பிடித்து வைப்பதால் பயன் குறைவு. வாரம் ஒருமுறை உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால்தான் ‘வாரம் ஒருமுறை’ என்ற கெடு.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். குறிப்பாகக் காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும். மற்ற நேரத்தில் கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிகளுக்குப் பின்னால், பீரோ இடுக்கில் ஒதுங்கியிருக்கும். பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டரைத் தாண்டாது. ஒருவரைக் கடிக்கும்போது அவர் அசைந்தால் பறந்துபோய் அடுத்தவரைக் கடிக்கும். ஒரே வீட்டில் மூன்று பேர் அடுத்தடுத்துப் படுத்துக்கொள்வதற்கு ஒரே ஒரு கொசு போதும். தறிக்கூடத்தில் பகல் முழுதும் ஒரே இடத்தில் நின்று வேலை பார்ப்பவரும், வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும், வீட்டை விட்டு நகராத முதியவரும் அதற்கு எளிதாக அகப்படுகிறார்கள்.

வெப்பமும் இதில் பங்கெடுக்கிறது. நோயாளியின் ரத்தத்தோடு கொசுவின் வயிற்றுக்குள் போன வைரஸ், பெருகி அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பிறகே அந்தக் கொசு அடுத்தவருக்கு நோயைத் தர முடியும். 25 டிகிரி செல்சியஸில் இதற்குச் சராசரியாக 15 நாள் ஆகிறது. 30 டிகிரியில் ஏறத்தாழ ஆறரை நாள் போதும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதால் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. கொசுவுக்குள் வைரஸின் இந்தப் பயணம் குறுகும்போது, உயிரோடு இருந்து நோயைப் பரப்பும் கொசுக்களின் எண்ணிக்கை கூடுகிறது. கோடையில் தமிழ்நாட்டு வெப்பப் பட்டியலின் முன்வரிசையில் அடிக்கடி இடம்பெறும் ஊர் திருத்தணி. அந்த வெயில் தணிந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கி, காற்றில் ஈரம் ஏறும் மாதங்கள் கொசுவுக்கும் வைரஸுக்கும் ஒருசேர உகந்தவை.

ஒரு பெயர், நான்கு வைரஸ்கள்

டெங்கு வைரஸ் நான்கு வகைப்படும். ஒரு வகை தாக்கிக் குணமானால் அந்த வகைக்கு எதிராக நீண்டகால எதிர்ப்பாற்றல் கிடைக்கிறது. மற்ற மூன்று வகைகளுக்கு எதிரான பாதுகாப்போ சில மாதங்களில் மங்கிவிடுகிறது. எனவே ஒருவருக்கு வாழ்நாளில் நான்கு முறை டெங்கு வரலாம்.

நம் பகுதிக்கு இந்த வைரஸ்கள் புதியவை அல்ல. 1780-லேயே சென்னையில் டெங்கு போன்ற காய்ச்சல் பரவியதாகப் பதிவு இருக்கிறது. திருத்தணிக்குத் தொலைவில்லாத வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1960-களிலேயே கொசுக்களைப் பிடித்து ஆராய்ந்து பல வகை டெங்கு வைரஸ்களைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அவை நம் உடம்புகளில் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பதை ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் காட்டுகின்றன. சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் தலைமையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 15 மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்தி 2019-ல் வெளியிட்டது. இந்தியா முழுதும் 48.7 சதவீதம் பேரை டெங்கு ஏற்கெனவே தொட்டிருந்தது. தென் மாநிலங்களில் அது 76.9 சதவீதம். சென்னையில் மட்டும் நடந்த இன்னொரு ஆய்வு, 2015-ல், 93 சதவீதம் என்றது. தொற்றுக்கு ஆளாகும் நான்கு பேரில் மூன்று பேருக்கு அறிகுறி எதுவும் தெரிவதில்லை என்பதால், தமக்கு டெங்கு வந்து போனதையே பலர் அறியமாட்டார்கள். அப்படி அறிகுறியில்லாமல் நடமாடுபவரைக் கடிக்கும் கொசுவும் வைரஸைப் பெற்றுக்கொள்ளும்.

இந்த அறியாமையின் விலை இரண்டாம் முறை தெரியவரும். முதல் தொற்றில் உருவான எதிர்ப்பொருள்கள் வேறு வகை வைரஸை ஓரளவு பற்றிக்கொள்ளும். ஆனால் செயலிழக்கச் செய்யாது. பற்றிக்கொண்ட வைரஸை அவை எதிர்ப்புச் செல்களுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்க, வைரஸ் அங்கே பெருகுகிறது. நோய் கடுமையாகிறது. இதற்கு வலுவான சான்று கியூபாவிலிருந்து கிடைத்தது. 1977-ல் அங்கே முதல் வகை டெங்கு பரவியது. பெரும்பாலும் லேசான காய்ச்சல்தான். 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,203 பேர் நோயுற்றார்கள், 158 பேர் இறந்தார்கள். முதல் பரவலுக்குப் பின் பிறந்த சிறு குழந்தைகளோ கடும் நோயிலிருந்து பெரும்பாலும் தப்பினார்கள். 1997-ல் கியூபாவின் சாண்டியாகோ நகரில் இரண்டாம் வகை மறுபடி தலைதூக்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன் முதல் வகை தொட்டுச் சென்ற பெரியவர்களைத்தான் அது கடுமையாகத் தாக்கியது. தென்னிந்தியாவில் முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது இந்த வைரஸைச் சந்தித்தவர்கள். அப்படியானால் இங்கே ஒவ்வொரு புதிய பரவலும் பெரும்பாலோருக்கு இரண்டாம் சந்திப்பு. இது அலட்சியப்படுத்தும் நோய் அல்ல.

காய்ச்சல் விடும் நாளே கவனிக்க வேண்டிய நாள்

டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நேரத்தில்தான் சிலருக்கு மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர்கள் தளர்ந்து, மண்பானை கசிவதுபோல், ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குகிறது. ரத்தம் கெட்டியாகிறது, அழுத்தம் குறைகிறது, உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகிறது. கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக்கசிவு, தளர்ந்து சுருண்டுகொள்வது, குழந்தை காரணமின்றி அனத்துவது, சிறுநீர் குறைவது ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த ஓரிரு நாட்களை அளவறிந்து ஏற்றும் திரவத்தால் கடந்துவிட்டால், கசிவு தானாகவே நின்றுவிடும். வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனாலும் சரியான நேரத்தில் சரியான கவனிப்பு கிடைத்தால் கடும் டெங்குவில்கூட இறப்பை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவர முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

வீணாகும் பணத்துக்கும் இங்கேதான் வழி திறக்கிறது. டெங்கு என்றதும் எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்கிறோம். காலையில் ஒரு பரிசோதனை, மாலையில் ஒரு பரிசோதனை. எண்ணிக்கை குறைந்தால் பயந்துபோய் உறவினர்களை ரத்தம் கொடுக்க அலையவிடுகிறோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிளேட்லெட் 20,000-க்கும் கீழே இறங்கியிருந்தும் ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களிடம் நடந்து, 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று, முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றுவது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை என்று காட்டியது, பக்கவிளைவுகள்தான் கூடின. மருத்துவர்கள் கூர்ந்து பார்ப்பது ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது, நாடியும் அழுத்தமும் எப்படி இருக்கின்றன, சிறுநீர் போகிறதா என்பதைத்தான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் கூடவே கூடாது. முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 பரிசோதனை, அதன் பிறகு ஐ.ஜி.எம். எலிசா. அரசு மருத்துவமனையில் இவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இந்த எளிய தகவல் ஒரு குடும்பத்துக்குத் தெரியாமல் போனால் அதன் விலை ஆயிரக்கணக்கான ரூபாய்.

ஒரு வீட்டின் வரவும் செலவும்

விசைத்தறியில் கூலி, நெய்து கொடுத்த அளவுக்கு. தறி ஓடினால் காசு, நின்றால் இல்லை. சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு என்ற பேச்சே அங்கே கிடையாது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கு டெங்கு வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாள் பக்கத்து கிளினிக். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை. நான்காம் நாள் அட்மிட். அம்மா மருத்துவமனையில் பிள்ளையோடு இருக்க வேண்டும். எனவே தறிக்கு நூல் தார் சுற்றும் வேலை நிற்கிறது. அப்பா சாப்பாடு கொண்டுபோகவும் மருந்து வாங்கவும் அலைகிறார்; எனவே தறி நிற்கிறது. சென்னைக்கோ திருப்பதிக்கோ கொண்டுபோகச் சொன்னால் வேன் வாடகை. பிள்ளை தேறி வந்த பிறகும் வாரக்கணக்கில் உடல் அசதி. அதற்குள் அப்பாவுக்கே காய்ச்சல் வந்தால் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அசலை அடைப்பதற்குள் எத்தனை மாத வட்டி?

இதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஆசியாவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் எட்டு நாடுகளில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், வேலைக்குப் போகும் ஒருவர் டெங்குவால் சராசரியாக 9.9 வேலை நாட்களை இழந்தார். மாணவர்கள் 5.6 பள்ளி நாட்களை இழந்தார்கள். பார்த்துக்கொண்ட உறவினர்களின் நாட்களையும் சேர்த்தால், வெளிநோயாளியாக இருந்தவர்களுக்கு 14.8 நாட்களும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு 18.9 நாட்களும் போயின. ஒரு காய்ச்சல், ஒரு வீட்டிலிருந்து ஏறத்தாழ அரை மாத உழைப்பை எடுத்துக்கொண்டு போகிறது. அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டுக்கு அரை மாதம் என்பது அடுத்த மாத வாடகையும் பள்ளிக் கட்டணமும்.

இந்தியா முழுதுக்குமான தொகை ஷெப்பர்ட் குழுவின் ஆய்வில் இருக்கிறது. நேரடி மருத்துவச் செலவு மட்டும் ஆண்டுக்கு 54.8 கோடி டாலர். போக்குவரத்தையும் இழந்த வருமானத்தையும் சேர்த்தால் 111 கோடி டாலர். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். மருத்துவச் செலவில் 82 சதவீதம் அவர்களுடையது. மொத்த மருத்துவச் செலவில் 80 சதவீதம் தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறது. அதாவது, கொசுவைக் கட்டுப்படுத்தத் தவறியதன் விலையை அரசுக் கருவூலத்தைவிட அதிகமாகக் குடும்பங்களே கட்டுகின்றன. உலக அளவில் 2013-ல் டெங்கு விழுங்கிய தொகை 890 கோடி டாலர் என்று அதே ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள்.

ஒரு கோயில் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ‘அங்கே காய்ச்சல் பரவுகிறது’ என்று செய்தி வந்தால் குடும்பத்தோடு வர நினைத்தவர்கள் தள்ளிப்போடுவார்கள். பூ கட்டுபவர், தேங்காய்க் கடைக்காரர், முடி எடுப்பவர், விடுதி நடத்துபவர் எல்லோரும் கிருத்திகைகளை நம்பியிருப்பவர்கள். அந்த அச்சத்தால்தான் பல ஊர்களில் காய்ச்சல் செய்தியை அமுக்கி வைக்கத் தோன்றுகிறது. அமுக்கி வைத்தால் தடுப்பு வேலை தாமதமாகிறது, நோயாளிகள் கூடுகிறார்கள், செய்தி இன்னும் பெரிதாக வெளியே வருகிறது.

எல்லைக்கு இருபுறமும்

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடு மாறியது, உறவுகள் மாறவில்லை. திருத்தணியில் பெண் எடுத்து நகரியில் குடித்தனம், புத்தூரில் வேலை, சென்னையில் வைத்தியம் என்று வாழும் குடும்பங்களுக்கு இரு மாநிலங்களும் ஒரே ஊர்தான். சில நூறு மீட்டரே பறக்கும் கொசு மாநில எல்லையைத் தாண்டி நோயைக் கொண்டுபோவதில்லை. அதைக் கொண்டுபோவது ரத்தத்தில் வைரஸோடு பேருந்தில் ஏறும் மனிதர்.

இதற்கு முன்னுதாரணம் நம் நினைவிலேயே இருக்கிறது. 2005-ன் இறுதியில் ஆந்திராவில் சிக்குன்குனியா வெடித்தது. அதைப் பரப்பியதும் இதே ஏடிஸ் கொசுதான். 2006-ல் அது தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் பரவி, அந்த ஓர் ஆண்டில் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்தது. மூட்டு வலியால் மாதக்கணக்கில் நடக்க முடியாமல் போனவர்களை எல்லையோர ஊர்களில் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

ஆனால் நோய்க் கண்காணிப்பு மாநில வாரியாகத்தான் நடக்கிறது. நகரியில் குடியிருப்பவர் திருத்தணிக்கு வந்து மருத்துவம் பார்த்தால் அவரை ஆந்திரப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவர் தெருவில் மருந்து அடிக்க வேண்டியவர்களும் ஆந்திர ஊழியர்கள். தகவல் ஒரு மாநிலத்திலிருந்து மறு மாநிலத்துக்குப் போய்ச் சேரும் நாட்களில் கொசு அடுத்த தலைமுறையை உருவாக்கிவிடும். நெரிசலான ஒரு கிருத்திகை நாளில் வந்து கொசுக்கடியோடு திரும்பியவருக்குக் காய்ச்சல் தொடங்க நான்கிலிருந்து பத்து நாள் ஆகும். அப்போது அவர் தன் ஊரில் இருப்பார். அவர் எங்கே தொற்று வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டின் பதிவான எண்களே ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்குகின்றன. 2012-ல் 12,826 பேர் நோயுற்று 66 பேர் இறந்தார்கள். 2017-ல் 23,294 பேர், 65 மரணங்கள். எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானபோதும் மரணங்கள் கூடாததற்கு மருத்துவக் கவனிப்பு மேம்பட்டது ஒரு காரணம். கூடுதலாகப் பரிசோதித்துக் கண்டறிந்ததும் ஒரு காரணம். பதிவான எண்ணிக்கை கூடுவதை அவமானமாகக் கருதக்கூடாது என்பதற்கு இதுவே சான்று. நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் மாநிலத்தில் எண் கூடத்தான் செய்யும், உயிர்கள் காப்பாற்றப்படும்.

எதற்குச் செலவிட வேண்டும்

காய்ச்சல் பரவியதும் மக்கள் கேட்பதும் அதிகாரிகள் அனுப்புவதும் புகை அடிக்கும் இயந்திரம். புகை, பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். வீட்டுக்குள் துணிக்குப் பின்னால் இருக்கும் ஏடிஸுக்கு அது பெரும்பாலும் எட்டாது. தொட்டியில் நெளியும் புழுவை அது தொடவே தொடாது. அவசரத்துக்குப் பயன்படும், தீர்வாகாது. வீடு வீடாக வந்து தொட்டியை எட்டிப் பார்த்து, அபேட் மருந்து ஊற்றி, சிரட்டையைக் கவிழ்த்துவிட்டுப் போகும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களின் வேலைதான் உண்மையான தடுப்பு. அவர்களில் பெரும்பாலோர் தினக்கூலித் தற்காலிகப் பணியாளர்கள். சிலர் அவர்களை வீட்டுக்குள் விடுவதுமில்லை. ஒரு மாவட்டத்தின் மருத்துவச் செலவைக் குறைக்கும் வேலையை நாம் மிகக் குறைந்த கூலியில், மிகக் குறைந்த மரியாதையோடு செய்வித்துக்கொள்கிறோம். இது மாற வேண்டும்.

1939-ல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே பிரிவுகள் உள்ளன. கொசு வளரவிடும் வீட்டுக்காரருக்கும் நிறுவனத்துக்கும் நோட்டீஸ் தரவும் நடவடிக்கை எடுக்கவும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராததால் டிரம்மில் சேமிக்கும் பெண்ணுக்கு அபராதம் விதிப்பதில் நியாயம் இல்லை. வியட்நாமில் நடந்த ஓர் ஆய்வு, குழாய்த் தண்ணீர் போதிய அளவு கிடைக்காத கிராமப்புறங்களில் டெங்கு அதிகம் என்று கண்டது. நம் ஊருக்கும் இது பொருந்தும். நம்பத்தக்க குடிநீர் விநியோகத்தைக் குடிநீர்த் துறையின் செலவாக மட்டும் பார்க்கிறோம். அது சுகாதாரத் துறையின் சேமிப்பும்கூட. அதுவரை, இறுக்கமாக மூடும் டிரம்மும் டேங்க் மூடியும் கிடைக்கச் செய்வது மருத்துவமனைப் படுக்கையைவிட மலிவு.

அறிவியல் புதிய வழிகளையும் திறந்திருக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏந்திய ஏடிஸ் கொசுக்களை வெளியிட்டார்கள். அந்தப் பாக்டீரியா கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. 2021-ல் வெளியான முடிவின்படி அங்கே டெங்கு 77 சதவீதமும், மருத்துவமனையில் சேர்வது 86 சதவீதமும் குறைந்தன. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இத்தகைய கொசுக்களை 2022-லேயே உருவாக்கியிருக்கிறது. தடுப்பூசியில் ஒரு கசப்பான பாடமும் உண்டு. பிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய முதல் டெங்கு தடுப்பூசி, இதற்கு முன் டெங்கு வராதவர்களுக்குப் பின்னாளில் கடும் நோய் வரும் அபாயத்தைக் கூட்டுவது தெரிந்து 2017-ல் நிறுத்தப்பட்டது. நான்கு வகைகளுக்கும் எதிராகச் சமமான பாதுகாப்பைத் தரும் ஊசிதான் வேண்டும் என்பதை அந்த அனுபவம் உறுதிசெய்தது. இந்தியாவில் பேனசியா பயோடெக் நிறுவனம் உருவாக்கிய ஊசியைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பரிசோதிக்கும் மூன்றாம் கட்டச் சோதனையை, அந்நிறுவனமும் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து 2024 ஆகஸ்டில் தொடங்கின. நல்ல முடிவு வரட்டும். வந்தாலும் தொட்டியைத் தேய்த்துக் கழுவும் வேலை நிற்காது. சிக்குன்குனியாவைப் பரப்புவதும் அதே கொசுதானே.

திருத்தணியில் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. செப்டம்பர் முடிவதற்குள், மழைக்கு முன்பே, வீடு, தறிக்கூடம், விடுதி, பள்ளி, கோயில் வளாகம் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும் இடங்களை வாரம் ஒருமுறை பார்வையிடலாம். தனியார் கிளினிக்கும் லேபும் டெங்கு முடிவுகளை அன்றே தெரிவிப்பதை வழக்கமாக்கலாம். திருவள்ளூர் மாவட்டச் சுகாதாரத் துறையும் எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பகுதிச் சுகாதார அதிகாரிகளும் வாராவாரம் ஒரே காய்ச்சல் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளலாம். தறித் தொழிலாளருக்கு நோய்க்கால உதவித்தொகை கிடைக்க நலவாரியம் வழிசெய்யலாம். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

தேவைப்படுவது முழுமையான கணக்கு. ஆண்டின் இறுதியில் டெங்கு பற்றிய அறிக்கையில் நோயாளிகள் இத்தனை, மரணங்கள் இத்தனை என்ற இரு எண்கள்தான் வருகின்றன. இழந்த கூலி நாட்கள் எத்தனை, இழந்த பள்ளி நாட்கள் எத்தனை, குடும்பங்கள் கையிலிருந்து கட்டிய தொகை எவ்வளவு என்ற மூன்று எண்களை ஒவ்வொரு மாவட்டமும் மாதிரி ஆய்வின் மூலமாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த எண்கள் மேசைக்கு வந்தால், குடிநீருக்கும் கொசுப்புழு ஒழிப்புக்கும் பணம் ஒதுக்குவதை வெறும் செலவு என்று எந்த நிதி அதிகாரியாலும் சொல்ல முடியாது. அந்தப் பணத்தை நெசவாளர்களும் பூ விற்பவர்களும் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் வட்டியோடு.